பிள்ளையை யார் வாங்குவது?

1

ஒரு பிள்ளையின் விலை ஒன்றேகால் ரூபாய். 1958இல் பழனி மலைமேல் அதுதான் நிலவரம். நோய்நொடி அண்டாமலிருக்கக் குழந்தையை முருகனுக்கே கொடுத்துவிடுவார்கள். பிறகு உறவில் ஒருவர் ஒன்றேகால் ரூபாய் கட்டி வாங்கித் தாயிடம் தருவார். தாயே வாங்கக் கூடாது.* இந்தக் கதை என் சித்தப்பாவின் பலசரக்குக் கடையில் கேட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

(* வாங்கினால் என்ன என்று கேட்டேன். "வித்தவனே ஏலம் கேக்கலாமாலே?" என்றார் சித்தப்பா.)

2

முதல் தொடக்கம்: "கொடைக்கானல் மலையை மூடுபனி..." (விட்டுவிட்டேன். பனியை எழுதினால் பக்கம் நிறையும், பிள்ளை அழாது.)

இரண்டாவது: சண்முகசுந்தரிக்கு முப்பத்து நாலு வயது. கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோரு வருட ஆசிரியை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது தலைமையாசிரியைப் பதவி வந்திருக்கிறது. விடுதியில் தங்க வேண்டும்; கைக்குழந்தைக்கு அங்கே இடமில்லை. திங்கட்கிழமை இவள் சேராவிட்டால் வேறொருத்தி சேர்வாள்.

அவள் நாத்தனார் கந்தம்மாளுக்கு முப்பத்தைந்து. பதினாறு வயதில் ஒரு பிள்ளை, பதினெட்டில் ஒன்று. மகளைக் கட்டிக்கொடுத்து, மகனை மில் வேலைக்கு அனுப்பிவிட்டுப் பழனியில் இருக்கிறாள். எனவே பிள்ளையை அவள் வளர்ப்பாள் என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். (நானும்தான்.)

3

குழந்தையைச் சந்நிதியில் கிடத்தியாயிற்று. "யாரும்மா வாங்கறது?" என்றார் குருக்கள். எல்லோரும் கந்தம்மாளைப் பார்த்தார்கள். அவள் கை காசு முடிந்த முந்தானை முடிச்சின் மேல் இருந்தது; அவிழ்க்கவில்லை.

"வாங்குங்க மதினி," என்றாள் சுந்தரி.

"வாங்கிட்டா அது எம் பிள்ளையா, உம் பிள்ளையா?"

"சாமி முன்னாடி என்ன பேச்சு இது?"

"சாமி முன்னாடியே பேசிரணும். நான் வாங்குவேன், நீ திங்கக்கிழமை வெள்ளனே பஸ் ஏறிருவ. எனக்குத் தெரியாதாக்கும்?"

"பதினோரு வருசம் மதினி... விட்டா இனிமே கெடைக்காது. உங்க கை சும்மாத்தான கெடக்கு?"

"சும்மாவா? பதினாறுல இருந்து இந்தக் கை எனக்குன்னு ஒரு நா இருந்ததில்ல. இப்பத்தான் சந்நிதித் தெருவுல பஞ்சாமிர்தக் கடைக்கு முன்பணம் குடுத்திருக்கேன். வாழைப்பழம் உரிச்சுப் பிசையணும். உம் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டா பிசைவேன்?"

சொன்ன பிறகு கந்தம்மாளுக்கே உறுத்தியது. பிள்ளை சாமி காலடியில் கிடக்கிறது, நாம் கடை பேசுகிறோமே என்று. ஆனாலும் முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

4

பிள்ளை பெறப் பதினாறு முந்திவிட்டது, முப்பத்து நாலு பிந்திவிட்டது. நடுவில் இருபத்தைந்து என்று வைப்போமா? அந்த வயதில் சுந்தரி தற்காலிக ஆசிரியை; வயிறு தெரிந்தால் வேலை போயிருக்கும். அதே வயதில் கந்தம்மாள் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். ஆக, எந்த வயது...

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

ஒரு முடிவு எழுதினேன்: கந்தம்மாள் மனம் இளகி... அடித்துவிட்டேன். இன்னொன்று: சுந்தரி வேலையை உதறிவிடுகிறாள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கண்ணீரை நான் நம்பவில்லை.

பிறகுதான் கவனித்தேன். குழந்தையின் அப்பா பொன்னுவேல், வாழைக்காய் மண்டிக் கணக்கர், கந்தம்மாளின் தம்பி, தோளில் துண்டோடு அங்கேயேதான் நிற்கிறார். எழுதிய எந்தப் பிரதியிலும் அவருக்கு நான் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

5

"வெரசா ஆகட்டும், பின்னாடி ஆளு நிக்கிதுல்ல!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

கந்தம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். காசைக் கட்டினாள். பிள்ளையை எடுத்தாள். சுந்தரி கை நீட்டினாள். கந்தம்மாள் அவளைத் தாண்டிப் போய், தம்பி கையில் பிள்ளையை வைத்தாள்.

"புடிலே. பிள்ள வளக்க எந்த வயசு தோதுன்னு ஒன்ன யாருமே கேக்கல பாரு."

"நானா? மண்டியில சோலி கெடக்கே, அக்கா!"

"எங்களுக்கு?"

குழந்தை வீறிட்டது. பொன்னுவேல் அதைச் செல்லாத நோட்டைப் போல எட்டப் பிடித்துக்கொண்டு நின்றார். சுந்தரி நீட்டிய கையை மடக்கவும் இல்லை, இன்னும் நீட்டவும் இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் யார் ஏறினார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மலையிறங்கும்போது இருந்த கணக்கை மட்டும் தருகிறேன்:

சுந்தரி: பதினோரு வருட வேலை, ஆறு மாதப் பிள்ளை.
கந்தம்மாள்: பத்தொன்பது வருடப் பிள்ளைப்பாடு, இன்னும் திறக்காத கடை ஒன்று.
பொன்னுவேல்: அறுநூற்றுச் சொச்சம் படி, பிள்ளையைத் தூக்கியபடி.

பாக்கி நிற்கிறது.