உடன் வருபவர் கட்டணம்

அண்ணன் விட்டுவிட்டுப் போனது வீடும் இல்லை, வாசலும் இல்லை, மைல்கள். லிப்ட் பொருத்தும் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து நாடு நாடாகப் பறந்தவர். ஒரே விமான நிறுவனத்தில் வாழ்நாள் முழுக்கப் பறந்து சேர்த்த புள்ளிகள் அவை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அதனால் அந்தச் சான்றிதழ் கொண்டா, இந்தச் சான்றிதழ் கொண்டா என்று போதும் போதும் என்கிற அளவுக்கு அலையவிட்ட பிறகு, அவை தங்கையின் பெயருக்கு வந்து சேர்ந்தன.

தங்கையை எல்லோரும் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகில் பதிந்த கடியைப் பார்த்தால் போதும், ஆணா பெண்ணா, இளசா கிழமா, எந்தப் பக்கம் மெல்லுகிற ஆள் என்று சொல்லிவிடுவாள். கடைசிக் காலத்தில் அண்ணனுக்குப் பல் செட் செய்து கொடுத்ததும் அவள்தான். அவ்வளவு பறந்த அண்ணனுக்குத் தங்கையாக இருந்தும் அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. "அடுத்த தடவை உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொல்லாத வருடம் கிடையாது. கூட்டிக்கொண்டு போன வருடமும் கிடையாது.

வெளிநாட்டில் தனியாக இருக்கும் அவள் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். சட்டைப் பொத்தான் போடக்கூட ஆளில்லை என்று கேள்விப்பட்டதும் பல்லம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள்.

கணவர் சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர். காசு விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். மைல்களைக் கொடுத்து டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் வந்த பில்லைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இலவசம்னு சொன்னாங்களேம்மா. இது என்ன, நம்ம காதுல பூ சுத்துறாங்களா?"

"டிக்கெட்தாங்க இலவசம். வரி கிரி எல்லாம் நாமதான் கட்டணுமாம்."

"சரி. விமான நிலைய வரி, ஒத்துக்கறேன். எரிபொருள் கட்டணம், அவனும் பெட்ரோல் போடணும், பாவம். சேவைக் கட்டணம், எதுக்குன்னு அவனுக்கே தெரியாது." விரல் திரையில் கீழே இறங்கி நின்றது. "இது என்ன? உடன் வருபவர் கட்டணம். உன்கூட யாரு வர்றா?"

யாரும் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே வரி வந்து நின்றது. கணவர் நிறுவனத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காத்திருக்கச் சொல்லி வெகுநேரம் வாசித்த இசை நின்று, ஒரு பெண் குரல் வந்தது.

"ஆமாங்க சார். டிக்கெட்ல ரெண்டு பேர் இருக்காங்க."

"ஒருத்தர்தாம்மா. என் வீட்டுக்காரி மட்டும்தான்."

"இன்னொருத்தருக்குப் பேர் இல்ல சார். ஆனா சீட் இருக்கு. ஜன்னல் சீட். நடுவுல விமானம் மாறுற ஊர் வரைக்கும். திரும்பி வரும்போதும் அங்கேருந்து."

"பேரே இல்லாத ஆளுக்கு எப்படிம்மா சீட் குடுப்பீங்க? எடுத்துடுங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "எடுக்க முடியாது சார். இந்தக் கணக்குல முதல் டிக்கெட் போட்ட நாள்லேருந்து இது இருக்கு. முன்னாடி இந்தக் கணக்கு வச்சிருந்த சார் ஒரு தடவைகூட எடுக்கச் சொன்னதில்ல. ஒவ்வொரு தடவையும் கட்டியிருக்காரு."

போனை வைத்ததும் கணவர், "வேண்டாம். இது என்னமோ சரியில்ல" என்றார். பல்லம்மா அவருடைய கார்டை எடுத்து எண்ணைத் தட்டினாள். அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. கூட்டிட்டுப் போறேன் என்று சொன்ன அண்ணன், கடைசியில் கூட்டிக்கொண்டுதான் போகிறார்.

விமானத்தில் ஏறும் வாசலில் அவளுடைய பயணச் சீட்டைக் கருவியில் வைத்தபோது அது இரண்டு தடவை ஒலித்தது. அங்கே நின்ற இளைஞன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவளுக்குப் பக்கத்தில், அவளைவிடச் சற்று உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்தும் அதேபோல் சிரித்தான். பல்லம்மா அவசரமாக உள்ளே நடந்தாள்.

விமானத்தில் அத்தனை இருக்கையிலும் ஆள். அவளுக்குப் பக்கத்து ஜன்னல் இருக்கை மட்டும் காலி. பணிப்பெண் இரண்டு போர்வை கொண்டுவந்து, ஒன்றை அந்த இருக்கையில் கவனமாக விரித்துவிட்டுப் போனாள். விமானம் மேலே எழும்பியபோது பல்லம்மா பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "அண்ணா" என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஜன்னல் வழியாக வந்து காலியான இருக்கையின் மேல் விழுந்தது. போர்வை மடியளவு மேடிட்டிருந்தது. காற்று புகுந்திருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மனசு இளகியது. அண்ணன்தானே, அவரிடம் என்ன பயம். உடைந்த கையைப் பற்றி, மருமகனை நினைத்து மாமன் எப்படித் துடித்திருப்பார் என்பதைப் பற்றி, அடுத்தவர் காதில் விழாதபடி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே வந்தாள்.

சாப்பாட்டுத் தட்டும் இரண்டு வந்தது. பல்லம்மாவின் ஸ்பூன் கீழே விழுந்தது. காலால் துழாவி, குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பக்கத்துத் தட்டில் உறை பிரிந்து ஒரு பிஸ்கட் கிடந்தது. ஓரத்தில் கடித்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். பல்லம்மாவின் கண் கடியைத்தான் பார்த்தது, பழக்கம் அப்படி. அவள் செய்து கொடுத்த செட்டின் கடி இது இல்லை. அண்ணனின் தாடை அகலம். இது சின்ன வாய். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கின்றன. தேய்மானமே இல்லாத சொந்தப் பற்கள். ஒரு பெண். இளம் பெண்.

அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. தான் இவ்வளவு நேரம் அண்ணன் என்று நினைத்து வீட்டுக்கதை எல்லாம் பேசியது யாரிடம்? விமானம் மாறும் ஊரில் இறங்கும்போது பணிப்பெண், "கூட வந்தவங்களுக்கு இதோட முடியுதும்மா. நீங்க அடுத்த கேட்டுக்குப் போங்க" என்றாள். பல்லம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அடுத்த விமானத்தில் பக்கத்தில் ஒரு தடித்த மனிதர் உட்கார்ந்து குறட்டை விட்டார். அந்தக் குறட்டை அவளுக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.

மகனுக்குப் பொத்தான் போட்டுவிட்டு, தலை வாரிவிட்டு, வீட்டை ஒழுங்குபடுத்தி, ஒரு வாரம் கழித்துத்தான் அந்த ஜன்னல் இருக்கையைப் பற்றிப் பேச அவளுக்குத் தைரியம் வந்தது. மகன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"மாமா சொல்லாதேன்னாரும்மா. அதான் சொல்லல."

"என்னத்தை?"

"நான் முதல்தடவை இங்க வந்தப்ப மாமாகூடத்தானே வந்தேன். விமானம் மாறுற அந்த ஊர்ல இறங்கினதும் ரெண்டு காபி வாங்கினாரு. எனக்குன்னு நினைச்சு கையை நீட்டினேன். குடுக்கல. கண்ணாடி ஓரமா கடைசி வரிசையில போய் உக்காந்து, ஒண்ணைப் பக்கத்து நாற்காலியில வச்சாரு. அது ஆறுற வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல."

"யாருக்காம்?"

"அவங்க கம்பெனியில லிப்டுக்குப் படம் வரையற வேலையில இருந்தவங்களாம். அந்த ஊர்க்காரங்க. கல்யாணம் பேசறதுக்காக அவங்க வீட்டுக்கு ரெண்டு பேரும் போகணும்னு, மாமா முதல்முதலா சேர்த்த மைல்ல டிக்கெட் போட்டிருக்காரு. போறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டாங்க. டிக்கெட்ல பேரை எடுத்துட்டாங்கம்மா. கட்டணத்தை எடுக்கல. மாமாவும் கேக்கல."

அண்ணன் ஏன் தன்னைக் கூட்டிப்போகவில்லை என்று எத்தனை வருடம் மனதுக்குள் பொருமியிருப்பாள். பக்கத்து இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருந்திருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியதும் கணவர் போனில் பேசினார். "அந்த டிக்கெட் வேண்டாம். நான் காசு குடுத்து வேற போட்டுடறேன். போனா போகுது." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிய விஷயம். பல்லம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்களுக்கு விஷயம் தெரியாதுங்க. யாருமே சொல்லல. அண்ணன் வருவாருன்னு அங்கேயே உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"யாரு?"

"வந்து சொல்றேன்."

விமானம் மாறும் ஊரில் இறங்கியபோது நடுப்பகல். பல்லம்மா இரண்டு காபி வாங்கினாள். கண்ணாடிச் சுவர் ஓரம் கடைசி வரிசை நாற்காலிகள் ஆளில்லாமல் கிடந்தன. அவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பக்கம் யாரும் வந்து உட்காரவில்லை. ஒரு காபியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சாவுச் செய்தி சொல்லப் போகிறவளுக்குத் தன் பயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

"நான் அவரோட தங்கச்சி" என்றாள். "அண்ணன் உங்ககிட்ட என்னைப் பத்திச் சொன்னாரான்னு தெரியல. உங்களைப் பத்தி எங்ககிட்ட சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் உங்களை அண்ணின்னு கூப்பிட்டிருப்பேன்."

வெளியே ஒரு விமானம் மெல்ல நகர்ந்து போனது.

"அண்ணன் இனிமே வரமாட்டாரு அண்ணி. போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு, கஷ்டப்படல. உங்களை வேணும்னு காக்க வைக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பக்கத்து நாற்காலிக்கு எதிரே, உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், கண்ணாடியில் ஒரு சின்ன வட்டம் பனித்தது. மறைந்தது. மறுபடி பனித்தது. பிறகு வேகமாக, ஒன்றன் மேல் ஒன்றாக, விசும்பி அழுகிறவர்களின் மூச்சு மாதிரி. பல்லம்மாவின் கைரோமம் சிலிர்த்து நின்றது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. கையை நீட்டி, தோள் இருக்கும் இடம் என்று அவளுக்குத் தோன்றிய காற்றில் வைத்துக்கொண்டாள். அங்கே அவ்வளவு குளிர். விரல் மரத்துப்போகும் வரை எடுக்கவில்லை.

அவளுடைய விமானத்துக்கு அழைத்தார்கள். பயணச் சீட்டைக் கருவியில் வைத்ததும் அது ஒரு தடவைதான் ஒலித்தது. வாசலில் நின்ற நடுத்தர வயதுப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு பல்லம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்து, எதையோ கேட்பவள் போலக் கொஞ்சம் காத்திருந்து, தலையாட்டினாள்.

"அவங்க வரலையாம்மா. வீடு இங்க பக்கத்துலதானாம். நடந்தே போய்க்கறாங்களாம்."

பல்லம்மா தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். இந்த முறை ஜன்னல் இருக்கையில் போர்வை இல்லை. வெயில் அதன் மேல் தட்டையாக விழுந்திருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இங்க யாராவது இருக்காங்களா?" என்றான்.

அவள் அந்த இருக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது.

"இல்லப்பா. உக்காரு."

அவன் உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். விமானம் ஊரின் மேல் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியது. பல்லம்மா அவனைத் தாண்டி எட்டி, கீழே தெரிந்த தெருக்களையும் கூரைகளையும், மேகம் வந்து மூடும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.