பொன்னி அப்பாவின் வண்டி

அணுபுரம் குடியிருப்பில் கோபாலகிருஷ்ணனுக்கு "பைக் சார்" என்றுதான் பெயர். ஆபீசில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய மோட்டார் சைக்கிள் எதன் சைலன்சர் முனையைக் காட்டினாலும் வருஷத்தைச் சொல்லிவிடுவார் என்பது தெரியும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார் என்பது அவர் மனைவி ஞானம்பாளின் மனக்குறை.

அந்தப் பெயரை நம்பித்தான் கூட்டுறவுக் கடையில் பில் போடும் பொன்னி ஒரு சாயங்காலம் சட்டம் போட்ட படமொன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். மீசைக்கார இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிள் மேல் விறைப்பாக இருந்தான்.

"எங்கப்பா சார். எம் பொண்ணு சிநேகா கண்ணாலத்துக்கு பேனர் அடிக்கிறோம். மேல, செத்து தெய்வமானவங்க வரிசையில இந்தப் படத்தப் போட்டோம். சித்தப்பா பாத்துட்டு குதிக்கிறாரு. 'அது நான்டி, எழுபத்திரண்டுல எட்த்தது. உசுரோட கீறவன மேல அனுப்பிட்டியே, இன்னா அவசரம் உனுக்கு'ன்றாரு."

சித்தப்பா அப்பாசாமிக்கும் அவள் அப்பாவுக்கும் அந்த வயதில் ஒரே முகம். அப்பா எழுபதாம் வருஷம் இறந்தபோது பொன்னி கைக்குழந்தை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது இந்த ஒரு படம்.

"வண்டி எந்த வருசம்னு பாத்து சொல்லு சார். எழுபதுக்கு அப்பால வந்த மாடல்னா..." துண்டை மடித்துக்கொண்டு, படத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டே நாள் குடும்மா" என்றார். மூன்று வாரம் ஆயிற்று.

டேங்கைப் பார்த்தால் ஜாவா. ஹெட்லைட்டைப் பார்த்தால் புல்லட். செயின் பின்சக்கரத்தை எட்டுவதற்குள் மனம் மாறி நின்றுவிட்டது. பிரேக் கேபிள் நேராகச் சைலன்சருக்குள் போயிற்று. நம்பர் பிளேட்டில் 1969 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. முன்னால் இருக்க வேண்டிய எழுத்துகளைக் காணோம். எழுத்தில்லாத எண்ணை வைத்துக்கொண்டு நாக்கா வழிப்பது என்று அதை விட்டுவிட்டார். இன்டர்நெட்டில் பழக்கமான இன்னொரு பழைய வண்டிப் பைத்தியம், ஊரப்பாக்கம் ரோஹித்துக்குப் படத்தை அனுப்பினார். "அங்கிள், இந்த வண்டி ஸ்டார்ட் ஆனா முதல்ல ஓட்டுறவருக்குத்தான் ஷாக் அடிக்கும்" என்று பதில் வந்தது. வண்டியைக் கிண்டல் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்த "அங்கிள்"தான் உறுத்தியது.

கடைசியில் எரிச்சல் தாங்காமல் டேங்கை மட்டும் பிடித்துக்கொண்டார். அந்த மாதிரி வளைவு எழுபதுக்கு முன் கிடையாது என்று தனக்குத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டு, உளுந்து வாங்கும் சாக்கில் கடைக்குப் போனார்.

"சாரிம்மா. வண்டி எழுபதுக்கு அப்புறம்தான். சித்தப்பா சொல்றது சரி."

பொன்னி தலையை ஆட்டினாள். உளுந்துக்கு இரண்டு தடவை பில் போட்டாள். "படத்த நீயே வெச்சிக்க சார். எனுக்கு இன்னாத்துக்கு? சித்தப்பாதான் வூட்லயே கீறாரே."

இதைக் கேட்ட பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, என்ஜின் நம்பராவது தெரிகிறதா என்று சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தார். காபி கொண்டுவந்த ஞானம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இவருக்கு எத்தனை காலு?"

"உனக்கும் எனக்கும் எத்தனையோ அத்தனை."

"மூணு இருக்கே."

எண்ணினார். மறுபடி எண்ணினார். வண்டி மேல் பளபளவென்று ஷூ போட்ட கால் ஒன்று. இத்தனை நாள் சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த இடத்தில், சக்கரத்துக்குக் கீழே மணலில், வெறுங்கால் இரண்டு. அந்த ஷூவும் காலும் வண்டியும் பலகையில் வரைந்தவை. ஆள் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பலகையின் அடியில் கோணல்மாணலாக, 'மாசி மகம், மாமல்லபுரம்.'

திருவிழாக் கடற்கரையில் படம் பிடிக்கிறவன், வாங்கிப் போகிறவர்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று நம்பர் பிளேட்டில் வருஷத்தை எழுதி வைத்திருக்கிறான். 1969. பட்டப்பகல் மாதிரி நடுவில் எழுதியிருந்ததை மூன்று வாரமாக லென்ஸ் வைத்துத் தேடியிருக்கிறார், ஒரு பிளைவுட்டின் பிறந்த வருஷத்தை.

"நான் அப்பவே வருஷம்னுதான் நெனச்சேன்" என்றாள் ஞானம்பாள்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க வண்டியப் பத்திப் பேச ஆரம்பிச்சா மத்தவங்க வாயத் தொறக்க இடம் ஏது?"

காபியைக் குடிக்காமல் பொன்னி வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டினார். சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கிழவரின் முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று.

"ஆமாம்மா, அண்ணாத்ததான். மகத்துல மோட்டார் ஓட்டினேன், மோட்டார் ஓட்டினேன்னு சாவுற வரிக்கும் கதை வுட்டுகினு இருந்தாரு. கேட்டுக் கேட்டு நானே ஓட்டின மாரி ஆயிப்போச்சி."

"சாரி பொன்னி" என்றார் கோபாலகிருஷ்ணன். "டேங்கைப் பார்த்தேனே தவிர..."

பொன்னி அவர் பேச்சைக் கேட்கவில்லை. மணலில் நின்ற இரண்டு கால்களையும் ஒரு விரலால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என் கண்ணாலத்தன்னிக்கு இந்தப் படத்துக்கு முன்னாலதான் வுழுந்து கும்புட்டேன் சார். கால மறச்சி வெச்சிட்டான் பாரு, சட்டம் போட்ட பாவி."

இரண்டு நாள் கழித்து, பேனருக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த பாவத்துக்கு, செங்கல்பட்டு பேனர் கடையிலிருந்து போன் அவருக்கே வந்தது.

"சார், பைக்ல கீற பெரியவருக்கு மூணு காலு கீது சார். பாக்க அசிங்கமா இருந்துச்சா, கீழ கீற ரெண்டையும் கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டேன். இப்ப சூப்பரா கீது."

"யோவ்!" ஆபீசே திரும்பிப் பார்க்கக் கத்தினார் கோபாலகிருஷ்ணன். "வண்டியை வேணா அழிய்யா. அந்தக் கால் ரெண்டையும் திரும்ப வை!"