கடிக்காத நாய்க்கு ஊசி

கரியாலூர் அருவியில் குளித்துவிட்டு வந்த நாய் ஒன்று பூமாலையின் பக்கத்தில் நின்று உடம்பைச் சிலிர்த்தது. அவ்வளவுதான் நடந்தது. நான்கு சொட்டுத் தண்ணீர் அவருடைய கெண்டைக்காலில் தெறித்தது. அன்றோடு மனிதருடைய நிம்மதி போயிற்று, வீட்டாருடையதும் சேர்த்து.

வெறிநாய்க்கடி நோய் வந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும் என்று யூடியூபில் எவனோ சொல்லித் தொலைத்துவிட்டான். விடுவாரா பூமாலை? அரை மணிக்கொரு தரம் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துத் தன்னைச் சோதித்துக்கொண்டார். மரவள்ளிக் கொல்லைக்குப் போனாலும் கையில் இரண்டு லிட்டர் பாட்டில். பயம் வரவில்லை, மூத்திரம்தான் வந்தது. அதையும் நோயின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார். சாயங்காலமானால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். மனைவி ரங்கம்மாள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

"செவந்திருக்குதா பாரு."

"ஒண்ணும் இல்லீங்க."

"நல்லா குனிஞ்சு பாருடி."

ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேவதர்ஷினி அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டாள். "கடிச்ச காயம் இருந்தாத்தான் ஊசிங்க ஐயா. தண்ணி தெறிச்சதுக்கெல்லாம் போட மாட்டோம்."

காயம்தானே வேண்டும்? ரங்கம்மாள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, வேலியில் ஒரு கருவேல முள்ளை ஒடித்துக் கெண்டைக்காலில் நான்கு கீறு கீறிக்கொண்டார். ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வந்துவிடக் கூடாதே என்று முள்ளை முதலில் கொதிக்க வைக்கவும் தவறவில்லை.

ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தவர், பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ரங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"நீ இங்க இன்னா பண்ற? ரேஷன் கடைக்குன்னு சொன்ன?"

அவள் புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் பல் பதிந்த வடு, ஆறிக் கருத்திருந்தது.

"போன மாசம் பால் ஊத்தப் போனப்ப தெரு நாய் கடிச்சிடுச்சு. மூணு ஊசி போட்டாச்சு. இன்னிக்கு கடைசி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? கடி பட்டது நானு, பயத்துல படுத்துக்கிறது நீங்களா இருக்கும். ரெண்டு பேத்துக்கும் நான்தான் கஞ்சி காச்சணும். ஒட்டிக்கும்னு பயந்துக்கினு என்னைய மாட்டுக் கொட்டாயில படுக்க வெச்சிருப்பீங்க."

அப்படியெல்லாம் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் வடுவைப் பார்த்த மாத்திரத்தில் அவர் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தார். அதை ரங்கம்மாளும் பார்த்துவிட்டாள். இந்தக் காலை வைத்துக்கொண்டா இத்தனை நாள் குனிந்து டார்ச் பிடித்தாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தேவதர்ஷினி வாசலுக்கு வந்து ரங்கம்மாளைக் கூப்பிட்டாள். "இன்னிக்காவது கூட யாராச்சும் வந்திருக்காங்களாம்மா?"

"யாரும் வரலம்மா," என்றாள் ரங்கம்மாள். குரலில் கோபம்கூட இல்லை.

நர்ஸின் பார்வை அடுத்து பூமாலை மேல் விழுந்தது. "மறுபடியும் வந்துட்டீங்களா ஐயா? காயம் எதுனா இருக்குதா?"

பூமாலை மடித்துக் கட்டியிருந்த வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "இவகூட வந்தேன். இவ வூட்டுக்காரன் நான்தான்."

ரங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.