வானம் தெளிவாக இருந்த நாள்

தர்சிகா மூன்று படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தபோது, அபூசாலி முதலில் அவற்றை எக்ஸ்ரே என்றே நினைத்தார். ஊருக்குத் திரும்பி வந்த இந்த இரண்டு வருடத்தில் அவர் முன்னால் யாரும் வேறு படம் வைத்ததில்லை. கருநீலத்தின் மேல் பழுப்பாக ஏதோ புகைபோலப் படர்ந்திருந்தது. அவருடைய நெஞ்சுப் படமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

"இது குவைத், மாமா. மேல இருந்து செட்லைட் எடுத்த படம். அப்பா செத்த அண்டைக்கு."

அவள் குணத்தின் மூத்த மகள். தகப்பன் செத்தபோது பதினாறு வயது. இப்போது பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். திருக்கோவிலிலிருந்து சாய்ந்தமருதுக்கு, இந்த வீட்டைத் தேடி வருவது இதுதான் முதல் தடவை.

குணமும் அபூசாலியும் ஒன்பது வருடம் ஒரே அறையில் படுத்து, ஒரே நெடுஞ்சாலையில் மணல் அள்ளியவர்கள். ஒவ்வொரு புழுதிக்காற்றுக்குப் பிறகும் ரோட்டைப் பாலைவனம் மூடிவிடும். அதை வழித்து ஒதுக்குவதுதான் வேலை. அன்று காற்று ஓயும் முன்பே மேற்பார்வைக்காரன் அவர்களை இறக்கிவிட்டான். நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. லொறி வந்த சத்தம் கேட்டது, போன சத்தமும் கேட்டது. "குணம்" என்று கூப்பிட்டார். பதில் வரவில்லை.

நான்காம் நாள் கம்பனிக்காரர்கள் அரபியில் எழுதிய தாள் ஒன்றை நீட்டினார்கள். அபூசாலிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அந்தத் தாளை வாசித்து விளங்கத் தெரியாது. ஆனால் பக்கத்தில் நின்றவன் தமிழில் விளங்கப்படுத்தினான்: வானம் தெளிவாக இருந்தது, குணம் கவனமில்லாமல் ரோட்டின் நடுவே போனார். கையெழுத்து வைத்தால் வேலை நிலைக்கும். அபூசாலி வைத்தார். மறுநாள் காலையில் அதே இடத்தில் மணல் அள்ளினார்.

"நீங்கதானே சாட்சி," என்றாள் தர்சிகா. குரலில் கோபமே இல்லை; அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "பிழை அப்பாட எண்டு முடிச்சிட்டாங்க. திரும்ப விசாரிக்கச் சொல்லி நான் எம்பசிக்கு இந்தப் படங்கள அனுப்பினன். படம் மட்டும் போதாதாம். அங்க நிண்ட ஆள் ஒராள் எழுதித் தரணுமாம்."

அபூசாலி படங்களைப் பார்த்தார். முதல் படத்தில் கரை முழுவதும் மறைந்திருந்தது. மறுநாள் எடுத்த இரண்டாவதில் அந்தப் பழுப்பு வளைகுடாவின் மேல் நீண்டு கிடந்தது. மூன்றாவதில் ஓமானையும் தாண்டி அரபிக்கடலின் மேல் நூலாக மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமலே போயிருந்தது.

"பிறகு எங்க போன?"

"கடல்லதான் விழுந்த, மாமா. அந்தத் தூசில இரும்புச் சத்து இருக்கு. கண்ணுக்குத் தெரியாத பாசி அதால வளரும். மீனெல்லாம் அந்தப் பாசிய நம்பித்தான் இருக்கு."

அபூசாலி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரைக் கதிரையோடு குனிய வைத்தது. மூச்சு திரும்பியதும் சொன்னார்: "அப்ப மீனுக்கு நல்லம்."

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மனைவி றாஹிலா தேத்தண்ணியோடு வந்தாள்.

"அவர் ஒண்டும் காணல்ல மகள்," என்றாள். கோப்பையை வைத்தாள். "எங்கட மகன் ஹிஷாம் இப்ப அங்கதான் நிக்கிறான். அதே கம்பனி."

"அவரும் ரோட்டுலயா?"

அபூசாலியின் நெஞ்சு கெட்டபோது, அவருடைய இடத்துக்கே மகனை எடுத்துக்கொண்டார்கள். பெரிய உதவி என்று அன்று அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு படங்களைத் திரும்ப அடுக்கித் தர்சிகாவிடம் கொடுத்தார்.

"எனக்கு ஞாபகமில்ல மகள்."

அவள் தேத்தண்ணியை முழுவதும் குடித்தாள். கோப்பையைத் தானே குசினி வாசல் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு, "போயிட்டு வாறன் மாமி," என்றாள்.

மெயின் ரோடு வரை அபூசாலி அவளோடு போனார். பத்து நிமிட நடை. இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் எல்லாவற்றையும் சொன்னார். மேற்பார்வைக்காரன் ஊதிய விசில், திசை தெரியாமல் வந்த லொறி, காற்று விட்டபிறகு பத்தடி தூரத்தில் கண்ட குணத்தின் சப்பாத்து, அந்தக் கையெழுத்து. தர்சிகா ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கிட்டச் சொல்றீங்க," என்றாள் கடைசியில். "எழுதித் தர மாட்டீங்க."

பொத்துவில் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் இருந்தாள். அவர் திரும்பி நாலடி நடந்தார். நின்றார். வந்து பஸ்ஸின் தகரத்தில் தட்டினார்.

"தாங்க. தாள் ஒண்டு தாங்க."

அவள் கொப்பியைக் கிழித்து, தாளின் மேல் விளிம்பைப் பிடித்தபடியே ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாள், பேனாவைக் கொடுத்தாள். வெயிலில் கொதித்த தகரத்தில் தாளை அழுத்தி, கையை உயர்த்தி எழுதினார். 'புழுதி அடிச்ச நேரம் நான் குணத்துக்குப் பக்கத்தில்' என்பது வரைக்கும் எழுதினார். பிறகு இருமல் வந்தது. பின்னால் இன்னொரு பஸ் ஹோர்ன் அடித்தது.

"றைட்!" என்றான் கொண்டக்டர்.

தாள் பஸ்ஸோடு போனது. அவள் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினாள், அவருக்குக் கேட்கவில்லை. பஸ் இல்லாத வெறும் வெளியில், பேனா பிடித்த கையை இறக்காமல் அபூசாலி நின்றார்.