ஒரே நாளில் அறுபத்திரண்டு மாடி

1

ஒளிவுமறைவு எதற்கு? இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுக் கிடைத்தது. என் நாற்காலி முதல் மாடி ஜன்னலோரம் கிடக்கிறது. ஜன்னல் மாடிப்படியைப் பார்த்து இருக்கிறது. இதில் என் குற்றம் என்ன? வீடு கட்டியவரைக் கேளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘நவீன வாழ்க்கை மனிதனை இருக்கையோடு சேர்த்துத் தைத்துவிட்ட இக்காலத்தில், உடல்நலம் என்பது—’

கொட்டாவி வந்தது. எழுதிய எனக்கே வந்தால் உங்களுக்கு வராதா? அடித்துவிட்டேன்.

2

நான்காவது மாடியில் ஒரு தம்பதி. கணவருக்கு நான் வைத்த பெயர் நாற்காலியார். (முகத்துக்கு நேரே ‘தம்பி’தான்.) கைபேசியில் வழி காட்டுகிற வரைபடத்தைத் திருத்துவது அவர் வேலை. எந்தச் சந்து எந்தச் சாலையில் போய்ச் சேர்கிறது என்று திரையில் பார்த்து, ‘சரி’ என்று குறிப்பார். நாளைக்கு நானூறு தெரு. சொந்தத் தெருவில் கால் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மளிகை, மருந்து, செருப்பு எல்லாம் வாசலுக்கே வந்துவிடும். (செருப்பு எதற்கு என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.)

மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அடுத்தவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே அவள் பிழைப்பு. இதை நினைவில் வையுங்கள்.

இந்த இடத்தில் கிண்டலைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். நாற்காலியாரின் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். இவருக்கு இப்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டரை. “மூணு மாசம் கழிச்சு அடுத்த டெஸ்ட்ல ஏழுக்குக் கீழ வரலைன்னா ஊசிதான்” என்றுவிட்டார் டாக்டர். பயம் வந்தவன் எழுந்து ஓடுவான் அல்லவா? இவர் இன்னும் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.

மனைவி ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டாள். நடக்கிற அடிகளையும் ஏறுகிற மாடிகளையும் எண்ணி அவள் கைபேசிக்குச் சொல்லிவிடும். முதல் நாள் கணக்கு நூற்றுப் பதினொரு அடி.

3

இனி நான் என் காதால் கேட்டது. தண்ணீர் கேன் போடும் மீசைக்காரர் காலிக் கேனோடு இறங்குகிறார். பின்னாலேயே நாற்காலியார், மூச்சு வாங்க.

“அண்ணே, ஒரு உதவி. இந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டுப் போங்க. சாயங்காலம் திருப்பிக் குடுங்க.”

“எதுக்குங்க?”

“நீங்கதான் எப்படியும் நடக்கிறீங்களே.”

“நான் நடந்தா உங்க உடம்பு எப்படிங்க இளைக்கும்?”

“உடம்பு இளைக்க வேணாம்ணே. வீட்ல சத்தம் குறைஞ்சா போதும்.”

மீசைக்காரர் சிரித்த சிரிப்பில் காலிக் கேன் நழுவி, என் வாசல்வரை உருண்டு வந்தது.

அன்றைய கணக்கு பதினாலாயிரம் அடி, அறுபத்திரண்டு மாடி. மனைவி சாயங்காலம் படியேறும்போது கைபேசியையே பார்த்துக்கொண்டு போனாள். எனக்கு நாக்கு அரித்த அரிப்பு இருக்கிறதே! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அங்கே சண்டை வரும், இங்கே கதை போய்விடும். மூடிக்கொண்டேன்.

4

மூன்றாம் நாள் மீசைக்காரர் மாறிவிட்டார்.

“வாட்ச் வாங்கவெல்லாம் மாடி ஏற முடியாதுங்க. காலைல ஏழரைக்குள்ள கேன் கடைக்குக் கொண்டாந்து குடுங்க. சாயங்காலம் அங்கயே வாங்கிக்குங்க.”

நாற்காலியார் வரைபடத்தைப் பார்த்தார். எங்கள் கட்டடத்தின் பின்சந்து வழியே போனால் கடை நான்கு நிமிடம். “நாலு நிமிஷம்தானே? வர்றேன்.”

போனார். சந்தின் கோடியில் இரண்டு ஆள் உயர மதில்சுவர். அது எழுந்து ஏழு வருடம் ஆகிறது. சந்து திறந்திருக்கிறது என்று வரைபடத்தில் ‘சரி’ போட்டவர் யார்? வேறு யார்! பரீட்சைத்தாள் தொலைந்த பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நின்றார்.*

சுற்றிப் போனால் இருபது நிமிடம். போக இருபது, வர இருபது, காலையிலும் மாலையிலும். நடக்காமல் இருப்பதற்காக ஒரு மனிதர் தினம் எண்பது நிமிடம் நடந்தார்.

* எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். பின்னாலேயே போனேன். கதை எழுதுகிறவள் நேரில் பார்க்க வேண்டாமா? இரண்டு வாரத்தில் என் முட்டிவலி குறைந்தது வேறு விஷயம்.

5

இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதினேன்: ‘பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஊசியை—’

கிழித்துப் போட்டேன். கதைக்காக மேல்வீட்டுக்காரர் கால்விரலில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவர் இறங்கும் சத்தத்துக்குப் பழகிப்போயிருந்தேன். முதலில் ‘தொப், தொப்.’ பிறகு ‘தப், தப்.’ பரிசோதனை முடிவு வரும் நாளில் மாடிப்படியை மூன்றாம் தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

தாளை ஆட்டிக்கொண்டே ஏறி வந்தாள் மனைவி. “அக்கா! ஆறு புள்ளி ஒன்பது!”

பெருக்கின படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கே பாஸான மாதிரி இருந்தது. வாய் சும்மா இருக்குமா? “அந்த வாட்ச் விஷயம்...”

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“நாலு மாடி ஏற மூணு தடவை உட்கார்ற மனுஷன், ஒரே நாள்ல அறுபத்திரண்டு ஏறுவாராக்கா? கேன் கடைல போய்க் கேட்டேன். அண்ணன் மீசையைத் தடவிக்கிட்டே ஒத்துக்கிட்டார். வாட்ச் வேணும்னா அவரே கடைக்கு வரட்டும், நீங்க ஏறாதீங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“அப்போ அந்தச் சுவர்?”

“எந்தச் சுவர்?”

ஆக, பாதி வழி இவள் போட்டது. மீதி அவரே தப்பாகப் போட்டது. எந்த எழுத்தாளருக்கு இப்படி ஒரு திருப்பம் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா.”

“என் வாயைப் பத்தித் தெரியாதா உனக்கு?”

“தெரியும். அதான் சொல்றேன்.”

6

இனி சிக்கல். நேற்று மீசைக்காரர் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “டெஸ்ட்தான் முடிஞ்சுதே, இனிமே நீங்களே கட்டிக்குங்க.” இன்றுமுதல் நாற்காலியார் கடைக்குப் போக ஒரு காரணமும் இல்லை. நடப்பதை நிறுத்தினால் எண் மறுபடி ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது அவருக்கும் தெரியும். நாற்காலியும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது காலை ஏழு பத்து. மேலே கதவு திறக்கிறது. மனைவி வேலைக்குப் போகும் நேரம்தான், அவளாகவும் இருக்கலாம். சத்தத்தை வைத்து... ‘தப், தப்’ போல இருக்கிறது. பால் பாக்கெட் எடுக்க இறங்கினாலும் ‘தப், தப்’தான் கேட்கும். கேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று இந்த ஜன்னலிலிருந்து தெரியாது. கீழே போய்த்தான் பார்க்க வேண்டும்.

முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே போட்டாலும் சரி. என் இன்னொரு செருப்பு எங்கே போய்த் தொலைந்—