அம்மா-3

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாலு பேர் பாராட்டினால் இன்னும் நீளும். அதனால் வந்த வினையை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இதைவிடக் கேவலமாக இருக்கும்.

நான் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கலைக்கூடச் சுவர்களில் ஓடவிடுகிறவன். அக்கம்பக்கத்து ஐந்து நாடுகளில் என்னைப் போன்ற பதினோரு பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுக் கோப்புறை வைத்திருக்கிறோம். அவரவர் எடுத்த காட்சிகளை அதில் போடுவோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் யாருடையது என்று படைப்பில் சொல்லிவிட வேண்டும். எல்லைகளில் ஆயிரம் கெடுபிடி இருந்தாலும் எங்களுக்குள் இருந்தது அந்த ஒரே ஒரு சட்டம்தான்.

அதில் ஒரு காட்சி. வயதான பெண் ஒருவர் துவைத்த துணிகளை மடிக்கிறார். கைகள் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். எடுத்தவள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோழி. எங்கள் மொழிதான், கொஞ்சம் இழுத்துப் பேசுவாள். இணையக் கூட்டங்களுக்குக் கொட்டாவியோடுதான் வருவாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. கைகள் அவளுடைய அம்மாவுடையவை. பயன்படுத்திக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லித்தான் எடுத்தேன்.

நீளமான கோப்புப் பெயர்கள் வேலையின்போது கண்ணை உறுத்தும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல நானும் அதைச் சுருக்கி வேறு பெயர் வைத்தேன்: அம்மா-3. மூன்று வாரம் திரையில் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்காட்சிக்கு இடம் தந்த கலைக்கூடத்தின் பொறுப்பாளர் வந்து பார்த்துக் கண்கலங்கி, யாருடைய கைகள் என்று கேட்டபோது, "எங்கம்மாவோடது" என்று வாயில் வந்துவிட்டது. அந்த நொடியில் அது தவறுதான், பொய்யில்லை. ஆனால் அவர் என் தோளைத் தட்டியதும் திருத்த மனம் வரவில்லை. அங்கேதான் பொய்யானது. படைப்பின் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டை அச்சாக எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். "கலைஞரின் தாயாருடைய கைகள்" என்று கொட்டை எழுத்தில் வந்து சேர்ந்தது.

தூங்குமூஞ்சிக்கு எல்லை தாண்ட அனுமதி கிடைக்காது. எத்தனையோ முறை கேட்டும் கிடைத்ததில்லை. அதை நம்பித்தான் நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுத இப்போதும் கூசுகிறது. கண்காட்சி தொடங்கிய அன்று தோளில் பையோடு அவள் வாசலில் வந்து நின்றாள். ஐந்து நாளைக்கு அனுமதியாம். அவள் அம்மா இறந்து நாலு மாதமாகிறதாம், அந்தக் கைகளை ஒருதரம் பெரிதாகப் பார்த்துவிட்டுப் போக வந்தாளாம். இறந்த செய்தியைக் குழுவில் போட்டிருந்தாள். நான் படிக்கவில்லை.

அவள் பின்னாலேயே என் அக்கா வந்தாள். என்னை அசத்துகிறாளாம், சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள்.

என் அம்மா அச்சகத்தில் இருபது வருஷம் காகிதம் வெட்டியவர். வலது ஆள்காட்டி விரலில் பாதியை இயந்திரம் கொண்டுபோய்விட்டது. சுவரிலோ பத்து விரல்களும் முழுசாகத் துணி மடித்துக்கொண்டிருந்தன. அம்மாவின் கையால் சோறு தின்று வளர்ந்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

அம்மா அட்டையை நிதானமாகப் படித்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வலது கையைக் கைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அதற்குள் பொறுப்பாளர் ஓடிவந்து, அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டார்.

"ஆமாங்க, என்னோடதுதான்," என்றார் அம்மா.

அம்மா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. இரண்டடி தள்ளி நின்ற தூங்குமூஞ்சிக்கும் அது கேட்டது. அவள் சண்டை போட்டிருந்தால் பூசி மெழுகியிருப்பேன். அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "உங்கம்மாவ ஏன் இப்படிப் பேச வச்சீங்க?" என்றாள். தன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒலிவாங்கி இருந்த இடத்துக்குப் போனேன். "சுவத்துல இருக்கறது எங்கம்மா கை இல்ல. இங்க வந்திருக்கற இவங்களோட அம்மா கை. அவங்க இப்ப இல்ல. எல்லாம் தெரிஞ்சேதான் நான் மறைச்சேன்," என்றேன்.

யாரோ ஒருவர் கைதட்டினார். அப்புறம் எல்லோரும். பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன துணிச்சல் என்றார் ஒருவர். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாய் ஒன்றுதான் என்பதைத்தான் கலைஞர் இப்படி நடித்துக் காட்டுகிறார் என்று இன்னொருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். இல்லை இல்லை என்று நான் கையை ஆட்டினேன். அடக்கமானவர் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா பையிலிருந்து கையை எடுத்து, அந்த அரை விரலோடு, தூங்குமூஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவர்களை நெருங்கியபோது, "உங்கம்மா பேரு என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அந்தக் கைகளோடு இருந்த எனக்கு அதைக் கேட்கத் தோன்றியதில்லை. அவள் சொன்னாள். அம்மா தலையாட்டிவிட்டு ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். எனக்காகத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் பெயர் எனக்குக் கேட்கவில்லை.