அளவுக்கு ஒரு காக்கி பேண்ட்

செந்தமிழ்ச்செல்வி கொடியிலிருந்து காக்கி பேண்ட்டை உருவி, மடித்து, துணிப்பைக்குள் வைத்தாள். கட்டிலில் அவள் கணவன் செழியன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அவன் எதையாவது கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

"கள்ளக்குறிச்சி வரைக்கும் போயிட்டு வரேன் மாமா. சோறு மூடி வெச்சிருக்கேன்."

அவன் கையிலிருந்த போன் வீடியோவில் யாரோ ஒருவர் ஓட்டிய பஸ் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸை ஓட்டியவன் செழியன். ஆடி மாதம், மலை இறக்கத்தில், வளைவில் திடீரென்று எதிரே வந்த பைக்குக்கு ஒதுங்கப்போய் தடுப்புச் சுவரில் மோதினான். பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவனுக்குத்தான் வலது தொடை எலும்பு நொறுங்கியது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, முழங்கால் மட்டும் சரியாக மடங்கவே இல்லை.

"எலும்பு அது வேலைய செஞ்சிடுச்சும்மா. தசை வேலைய அவருதான் செய்யணும்" என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். "இந்த மழை முடியறதுக்குள்ள கால ஊனி அழுத்திப் பழகலன்னா கட்டையாவே நின்னுடும். அப்புறம் நான் வந்தும் ஒண்ணும் ஆவாது."

அன்றைக்குத்தான் செழியன், பயிற்சிக்காகக் காலில் கட்டும் மணல் பையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அதற்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை. மழை மட்டும் தவறாமல் பெய்துகொண்டிருந்தது. அது கொஞ்சம் விடும்போதெல்லாம் செல்வி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தாள்.

ஒருநாள் அவன் காலடியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தாள். போனில் பஸ் வளைவுக்கு வரும்போதெல்லாம் அவனுடைய வலது பாதம் போர்வையைத் தள்ளியது. வளைவு முடிந்ததும் தளர்ந்தது. அவனுக்கே தெரியாமல் அந்தக் கால் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தது. செல்வி மடித்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு கொல்லைப்புறம் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். ஊரையெல்லாம் விசாரித்து, கள்ளக்குறிச்சியில் வீடியோ கேம் கடை வைத்திருந்த தமிழ்வேந்தனின் கேமிங் சென்டருக்கு வழி கேட்டது அதற்கு மறுநாள்.

தமிழ்வேந்தன் கார் பந்தய விளையாட்டுக்கான இருக்கைகளை வாங்கி விற்பவன். இருக்கை, ஸ்டியரிங், காலுக்கு மூன்று பெடல் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருக்கும். எதிரே டிவியை வைத்தால் வீட்டுக்குள்ளேயே ஓட்டலாம். கடையில் சில மாதிரிகள் வரிசையாக நின்றன.

"தம்பிக்கா வாங்கறீங்க அக்கா?" என்று கேட்டான்.

"எங்க வூட்டுக்காரருக்கு."

அவன் கொஞ்சம் விழித்தான். "அப்ப அண்ணன நேர்ல கூட்டிக்கினு வந்துடுங்க. ஆளு உக்காந்து பாத்துதான் எடுக்கணும்."

"அவரு எழுந்து வரதுன்னா நான் எதுக்கு தம்பி இங்க வரேன்?"

முதலில் அவன் காட்டியது மடக்கி வைக்கும் மாதிரி. விலை கம்மி. செல்வி குனிந்து பெடலைக் கையால் அழுத்தினாள். சட்டம் முழுவதும் பின்னால் நகர்ந்தது.

"இது ஓடுதே."

"வேகமா மிதிச்சா கொஞ்சம் நவுரும்க்கா."

"அவரு பஸ்ஸு மிதிச்ச காலு. இது வேணாம்."

அடுத்ததில் ஸ்டியரிங்கைத் தாங்கும் கம்பம் இரண்டு கால்களுக்கும் நடுவே நின்றது. அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு, வலது முழங்காலை விறைப்பாக வைத்தபடி உள்ளே நுழைந்து பார்த்தாள். கால் கம்பத்தில் இடித்தது. இறங்கி, மறுபடி ஏறினாள். மறுபடி இடித்தது. ஓட்டப்போகிறவருக்குக் கால் மடங்காது என்று தமிழ்வேந்தனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் வேறொன்றை இழுத்து வந்தான். அதில் கம்பம் ஓரமாக இருந்தது. இருக்கை முன்னும் பின்னும் நகர்ந்தது, ஸ்டியரிங் ஏறி இறங்கியது. பிரேக் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. செல்வியின் முகம் மலர்ந்தது.

"இதுலயே ரெண்டு விதம் இருக்குக்கா. இதுல பெடலுங்க மூணும் ஒரே பலகையில இருக்கு. நவுத்துனா சேந்துதான் நவுரும். இன்னொண்ணுல ஒவ்வொண்ணையும் தனித்தனியா நவுத்திக்கலாம். அதுக்கு ஜாஸ்தி ஆவும், வரதுக்கும் லேட் ஆவும்."

செல்வி பையிலிருந்து காக்கி பேண்ட்டை எடுத்தாள். டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிற மாதிரிதான். இருக்கையில் இடுப்புப் பகுதியை வைத்து, கால்கள் இரண்டையும் பெடல் வரைக்கும் நீட்டி விரித்தாள். தமிழ்வேந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, பேண்ட்டுக்குத் தகுந்தபடி இருக்கையை நகர்த்தித் திருகை முடுக்கினான்.

"பாரு, ரெண்டு காலும் ஒரே அளவு. அப்புறம் எதுக்குத் தனித்தனியா? பலகையே போதும். நாளைக்கே குடுத்துடு."

செழியனின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ராஜாங்கம் அதை ஆட்டோவில் ஏற்றி வந்து, கூடத்தில் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே இறக்கிப் பொருத்திக் கொடுத்தார். செழியன் எழுந்து உட்கார்ந்து பார்த்தான்.

"இன்னாடி இது? பொம்ம வாங்கிக்கினு வந்துருக்கியா எனக்கு?"

"டேய், ஹாரன்லாம் கீதுடா" என்றார் ராஜாங்கம். "படுத்துக்கினே பொண்டாட்டிய கூப்புடறத வுட்டுட்டு, ஹாரன அடிச்சு கூப்புடு."

செழியன் சிரிக்கவில்லை. "உன் பஸ்ஸுக்கு நேரமாவுதுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதன்பிறகு அந்த இருக்கை, அழைக்காமல் வந்த விருந்தாளி போலக் கூடத்தில் கிடந்தது. செல்வி கெஞ்சினாள், கோபித்தாள், ஒருவேளை சாப்பிடாமல்கூடக் கிடந்து பார்த்தாள். அவன் போனைக்கூட ஓரமாக வைத்துவிட்டான். போனில் இருந்த ஒரே பஸ் ஓட்டமும் போயிற்று. கெடுத்தது நான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. போர்வையைத் தள்ளிய அந்தப் பாதம் இப்போது அசையாமல் கிடந்தது.

ஒரு மத்தியானம், வெளியே மழை வலுத்துப் பெய்தபோது, அவளுக்குள் என்னவோ அறுந்தது. போய் அந்த இருக்கையில் தானே உட்கார்ந்தாள். டிவியில் மலைப்பாதை விளையாட்டைப் போட்டாள். சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாதவள், ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ட பெடலையும் மிதித்தாள். கார் பாறையில் மோதியது. பள்ளத்தில் விழுந்தது. திரும்ப ஆரம்பித்தாள், திரும்ப விழுந்தது. கண்ணீரில் திரை தெரியவில்லை. அவள் நிறுத்தவுமில்லை.

"நடுவுல இருக்கறதுடி பிரேக்கு!"

அவள் திரும்பவில்லை. கார் மறுபடி பள்ளத்தில் விழுந்தது.

"ஏய்! வளைவுக்கு முன்னாடியே மிதிக்கணும். வளைவுல இல்ல. இன்னாடி ஓட்டற நீ, மாடு மேய்க்கறியா?"

"தெரிஞ்சவங்க வந்து ஓட்டலாம்ல?"

கட்டில் கிறீச்சிட்டது. கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. செல்வி எழுந்து ஒதுங்கினாள். அவன் பின்பக்கமாகச் சாய்ந்து, விறைத்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான். கைகள் ஸ்டியரிங்கைப் பற்றியபோது அவன் தோள்கள் பழையபடி விரிந்தன. இடது கால் கிளட்சில் போய் உட்கார்ந்தது. வலது கால் நீண்டது.

பிரேக்கைத் தொடவில்லை.

அவன் இடுப்பை நகர்த்தி எட்டப் பார்த்தான். விரல்நுனி மட்டும் உரசியது. செல்வி பதறி மண்டியிட்டு, திருகைத் தளர்த்திப் பலகையை இழுத்தாள். வலது பாதம் பிரேக்கைத் தொட்டபோது, இடது முழங்கால் மேலேறி ஸ்டியரிங்கில் இடித்தது. பலகையைத் தள்ளினாள். இடது கால் சரியாகி, வலது கால் அந்தரத்தில் நின்றது.

"பேண்ட்ட வெச்சு பாத்து பாத்துதான் மாமா எடுத்தேன்... ரெண்டு காலும் சரியாதானே..."

"வுடு செல்வி."

"திருகு கோணலா இருக்கும். இரு, நான்—"

"வுடுன்னு சொல்றேன்ல! திருகு நல்லாதான் இருக்குது. என் காலுதான் கொறஞ்சு போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நொறுங்குன எலும்ப வெட்டி எடுத்துட்டுதான் கம்பி வெச்சாங்க. டாக்டர் தனியா கூப்புட்டுச் சொன்னாரு. ஒரு காலு குட்ட. இனிமே எவன்டி எனக்கு பஸ்ஸு சாவி குடுப்பான்? பயிற்சி பண்ணா இன்னா, பண்ணாட்டி இன்னா?" அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. "உன்கிட்ட சொல்ல வாய் வரல."

தினமும் எண்ணெய் தேய்த்துவிட்ட கால். படுத்தே கிடந்தவனின் கால் குட்டையா நெட்டையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவனைக் கட்டிக்கொண்டு அழுவதா, இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்டுவதா என்று புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இப்போது எழுந்து போனால் இவன் மறுபடி இந்த இருக்கையில் உட்காரமாட்டான். மழை முடிந்துவிடும்.

செல்வி தரையில் குப்புறப் படுத்து, தன் வலது கையைப் பிரேக்குக்கும் அவன் பாதத்துக்கும் நடுவே கொடுத்தாள். இடைவெளி நிறையவில்லை. கையை முஷ்டியாக மடக்கி வைத்தாள். இப்போது சரியாக இருந்தது.

"மிதி மாமா."

"இன்னாடி பண்ற? கைய எடு. நசுங்கிப் பூடும்."

"நசுங்கட்டும். பஸ்ஸு சாவி எவன் குடுப்பான்னு அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு நீ நடந்து வாசலுக்கு வரணும். மிதி."

டிவியில் கார் தன்பாட்டுக்கு இறக்கத்தில் உருண்டுகொண்டிருந்தது. வளைவு நெருங்கியது. அவன் திரையைப் பார்த்தான், கீழே அவளைப் பார்த்தான். பாதம் அவள் விரல் முட்டிகளில் பூப்போல அழுந்தியது. பிரேக் அசையக்கூட இல்லை.

"இவ்ளோதானா? வெள்ளிமலையில இப்படி மிதிச்சிருந்தா அத்தன பேரையும் பள்ளத்துல இறக்கிவுட்டிருப்ப."

"வாய மூடுடி!"

அழுத்தம் கூடியது. தொடை நடுங்கியது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அவள் விரல்களில் மின்னல் வெட்டியது போல வலித்தது. முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மெதுவாக, மிக மெதுவாக, அந்தக் கல் போன்ற பிரேக் உள்ளே போனது. டிவியில் டயர்கள் கிறீச்சிட்டன.

"நின்னுதா?" என்று தரையிலிருந்து கேட்டாள்.

"ஒரு சக்கரம் வெளிய தொங்குது." அவனுக்கு மூச்சு வாங்கியது. "லேட்டா மிதிச்சிட்டேன்." நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான். பிறகு, "அந்தத் தம்பிகிட்ட, தனித்தனியா நவுர்ற மாதிரி இருக்குதான்னு கேளு" என்றான்.

"இருக்குது. வரதுக்கு லேட் ஆவுமாம்."

"கை எப்படிக் கீது?"

"நல்லாதான் கீது."

"பொய் சொல்லாத. காட்டு."

அவள் காட்டவில்லை. சிவந்து வீங்கத் தொடங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையை மடித்துப் பிரேக்கின் மேல் வைத்தாள்.

"அடுத்த வளைவு வருது மாமா."